காலாண்டு விடுமுறையில் முற்றும் சாமை

நெல்லிவாசல்நாட்டுப் பாட்டி வீட்டில் ஒரு புரட்டாசி நாள்

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் மேல், புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று ஊராட்சிகள் இருக்கின்றன. மூன்றிலும் சேர்த்து முப்பதுக்கும் மேற்பட்ட மலைக்கிராமங்கள். மலையாளி பழங்குடி மக்கள் பல தலைமுறைகளாக இங்கே வெள்ளாமை செய்து வருகிறார்கள். மலையாளி என்ற பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை; மலையில் வாழ்பவர் என்பதே பொருள். நிலம் பெரும்பாலும் மானாவாரி. சாமை, கேழ்வரகு, கொள்ளு, துவரை, மொச்சை, பேயெள்ளு ஆகியவை வயலில் விளைகின்றன. புளியும் தேனும் கடுக்காயும் காட்டிலிருந்து வருகின்றன.

நெல்லிவாசல்நாட்டு ஊர் ஒன்றில், எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். கணவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பேத்தியும் ஐந்தாம் வகுப்புப் பேரனும் அங்கேயே படிக்கிறார்கள். காலாண்டுத் தேர்வு முடிந்ததும், ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து திருப்பத்தூர், பிறகு மலைக்கு ஏறும் பேருந்து என்று மகன் பிள்ளைகளை அழைத்து வந்தார். ஒரு ராத்திரி தங்கிவிட்டு அவர் திரும்பிவிட்டார். பிள்ளைகளுக்கு இன்னும் மூன்று நாள் விடுமுறை பாக்கி இருந்தது.

அந்த மூன்றில் ஒரு நாளைத்தான் பாட்டி விதை எடுக்க வைத்திருந்தார்.

பனி விலகும் முன்

புரட்டாசி பிறந்துவிட்டால் மலையில் விடியற்காலம் குளிரத் தொடங்கிவிடும். பாட்டி நாலரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டினார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். முதல் நாள் ராத்திரி கரைத்து வைத்திருந்த கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சினார். பிள்ளைகள் ஒரே போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்கள். திருப்பூரில் ஏழு மணிக்கு முன் எழாதவர்கள், இங்கே சேவல் கூவியதும் ஒருமுறை கண் விழித்துவிட்டு மறுபடியும் தூங்கிப் போனார்கள்.

ஆறு மணிக்குப் பாட்டி பேத்தியை மட்டும் தொட்டு எழுப்பினார்.

"எழுந்துரு கண்ணு. பனி ஈரம் காயறதுக்குள்ள கொல்லைக்குப் போயிட்டு வந்துடலாம்."

"எதுக்கு ஆயா இவ்ளோ சீக்கிரம்?"

"வெயில் ஏறிட்டா கதிரு காஞ்சி போயிடும். கை பட்டாலே மணி கொட்டிடும். ஈரம் இருக்கறப்ப அறுத்தா கொட்டாது."

இந்த ஒரு வரியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. முற்றிய சாமையில் மணி உதிர்வது பெரிய சேதம். விதைக்கென்று எடுக்கும் கதிரில் முதலில் உதிர்வது நன்றாக முற்றிய மணிதான். அதனால் பனி ஈரத்தோடு கதிர் அறுப்பதும், அறுத்ததை உடனே களத்தில் பரப்பிக் காயவிடுவதும் நல்ல பழக்கம்.

பேச்சுச் சத்தத்தில் பேரனும் எழுந்துவிட்டான். கூழைக் குடித்துவிட்டு மூன்று பேரும் கிளம்பினார்கள்.

இந்த விடுமுறையில் மட்டும் கிடைப்பது

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆண்டுக்கு மூன்று முறை ஊருக்கு வருகிறார்கள். கோடை விடுமுறையில் வரும்போது மலையில் நிலம் காய்ந்து கிடக்கும். அரையாண்டு விடுமுறையில் வரும்போது சாமை அறுவடை முடிந்து தாள்தான் இருக்கும். ஆனி மாத மழைக்கு விதைக்கிற சாமை, ஏறக்குறைய மூன்று மாதத்தில், புரட்டாசி நடுவில் முற்றி நிற்கும். காலாண்டு விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. வெளியூரில் படிக்கிற ஒரு பிள்ளை, தன் வீட்டுச் சாமை முற்றி நிற்பதைக் கண்ணால் பார்க்க ஆண்டில் இந்த ஒரு வாரம்தான் வாய்ப்பு.

பாட்டி இதைக் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நான்கு நாள் முன்பே, "கதிரு பழுத்துடுச்சே அத்தை, வெதைக்கு எடுக்கலியா?" என்று கேட்டிருக்கிறார். "புள்ளைங்க வரட்டும்" என்று சொல்லிப் பாட்டி காத்திருந்தார். அந்த நான்கு நாளும் காட்டுப்பன்றி வருமோ, மழை அடித்துச் சாய்த்துவிடுமோ என்று தூக்கம் இல்லை. இரவில் இரண்டு முறை எழுந்து போய்த் தகரத்தைத் தட்டிவிட்டு வருவார்.

காரணம் இருக்கிறது. போன வருடம் விளைந்ததில் பாதியைப் பன்றி உழப்பிவிட்டது. மிஞ்சியதில் விதைக்கு எடுத்தது ஒரு பானை. அதுவும் இந்த ஆனியில் விதைப்புக்குச் சரியாகப் போய்விட்டது. இப்போது வீட்டில் பழைய விதை ஒரு பிடிகூட இல்லை. நிலத்தில் நிற்கிற அரை ஏக்கர்தான் எல்லாம். இந்த வாரம் விதை எடுக்காவிட்டால், மாமியார் கையிலிருந்து தன் கைக்கு வந்த அந்த நாட்டுச் சாமை இந்த வீட்டில் முடிந்துபோகும்.

மகன் ஊருக்கு வந்த அன்றே இதைப் பற்றிப் பேசியிருந்தார். "அடுத்த வருஷம் சாமை வேணாம்மா. ரேஷன் அரிசி வருது. நான் பணம் அனுப்பறேன். ஒத்த ஆளா ராத்திரில பன்னி ஓட்டிட்டுக் கெடக்கணுமா?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. பாட்டி பதில் பேசவில்லை. விதை எடுக்காமல் இருக்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

"ஓரத்துக் கதிர எடுக்காத"

வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் சரிவான நிலம். ஓரம் முழுக்கப் பேயெள்ளு மஞ்சளாகப் பூத்து, தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. நடுவில் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை. மற்ற இடமெல்லாம் சாமை. கதிர்கள் பழுப்பேறித் தலை சாய்ந்து நின்றன. சில்லைக் குருவிகள் கூட்டமாக எழுந்து போய்ப் புளியமரத்தில் உட்கார்ந்தன.

பேத்தி கருக்கரிவாளோடு வரப்பிலிருந்தே ஆரம்பித்தாள். கைக்கு எட்டிய பெரிய கதிர்களாகப் பத்துப் பதினைந்து அறுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். பாட்டி வாங்கிப் பார்த்துவிட்டு, அத்தனையையும் சமையலுக்கான கூடையில் போட்டுவிட்டார்.

"ஏன் ஆயா? எல்லாம் பெரிய கதிருதானே?"

"ஓரத்துக் கதிர எடுக்காத. ஓரத்துல வெயிலும் காத்தும் ஜாஸ்தி, எருவும் ஜாஸ்தி. அங்க எதுவும் கொழுத்துதான் நிக்கும். நடுவுல நாலு பேரோட நெருக்கிக்கிட்டு நின்னும் எது நல்லா வெளைஞ்சிருக்கோ, அதுதான் வெதைக்கு."

வேளாண்மைக் கல்லூரியில் இதை ஓர விளைவு என்று சொல்லித் தருகிறார்கள். வயல் ஓரத்துச் செடிக்குப் போட்டி குறைவு. அது நன்றாக இருப்பது இடத்தின் குணம். செடியின் குணமாக இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் ஆராய்ச்சி நிலையங்களிலும் ஒரு பயிரின் விளைச்சலை மதிப்பிடும்போது ஓர வரிசைகளை விட்டுவிடுவார்கள். பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. மாமியார் சொன்னதை அவர் பேத்திக்குச் சொன்னார்.

அடுத்து பேரன் ஓடி வந்தான். அவன் கையில் இருந்த கதிர் மற்றவற்றைவிட ஒரு சாண் நீளம்.

"ஆயா, இது இன்னும் பெருசு! நடுவுலதான் இருந்துச்சு!"

பாட்டி அதன் அடிப்பகுதியைக் காட்டினார். கீழே பாதி இன்னும் பச்சை. "இது பின்னால முத்தற ஜாதி. எங்கயோ கலந்து வந்திருக்கு. இதையும் அதையும் சேத்து வெதைச்சா, அடுத்த வருஷம் ஒண்ணு கொட்டிக்கிட்டு இருக்கும், இன்னொண்ணு பச்சையா நிக்கும். எப்ப அறுப்பே?"

பேரனுக்கு ஏமாற்றம். பாட்டி அந்தக் கதிரை அவன் சட்டைப் பையிலேயே செருகிவிட்டார். "நீ வெச்சிக்கோ. வெதையில மட்டும் சேக்காதே."

இப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். மழையில் சாய்ந்த செடியில் எடுக்கக் கூடாது; சாய்கிற குணம் விதையோடு வரலாம். கதிரில் ஒரு மணி கரிப்பூட்டை கண்டு உப்பிக் கறுத்திருந்தாலும் அந்தக் கதிரை மொத்தமாக ஒதுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிக்க வேண்டும். மாவாக நசுங்கினால் இன்னும் முற்றவில்லை. கடுக்கென்று உடைந்தால் விதைக்கு ஆகும்.

முதல் ஒரு மணி நேரத்தில் பேத்தி அறுத்ததில் பாதிக்கு மேல் சமையல் கூடைக்குத்தான் போயிற்று. அதன் பிறகு போகவில்லை. எட்டரை மணிக்கெல்லாம் பாட்டி திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். பேத்தி ஒரு கதிரைப் பிடிப்பாள், அடியைப் பார்ப்பாள், ஒரு மணியைக் கடிப்பாள், அறுப்பாள். கண் பழகிவிட்டது.

பத்து மணிக்கு நன்றாக வெயில் ஏறியபோது மூன்று கட்டுக் கதிர் சேர்ந்திருந்தது. காயவைத்து அடித்தால் இரண்டு படி தேறும் என்று பாட்டி கையில் தூக்கிப் பார்த்துச் சொன்னார்.

உரலும் ரேஷன் அரிசியும்

வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து விதைக் கதிரைப் பரப்பினார்கள். சமையல் கூடையில் இருந்ததைத் தனியாக வேறொரு சாக்கில் போட்டார்கள். மதியச் சோற்றுக்கு, பாட்டி முன்கூட்டியே காயவைத்திருந்த பழைய சாமை கொஞ்சம் உரலில் விழுந்தது.

கேழ்வரகை அப்படியே அரைத்து மாவாக்கிவிடலாம். சாமைக்கு உமி உண்டு. அதை நீக்கினால்தான் சோறு. பேத்தி உலக்கையை வாங்கி முப்பது குத்துக் குத்தியதும் உள்ளங்கை சிவந்துவிட்டது. பாட்டி வாங்கிக்கொண்டார். குத்துவது, முறத்தில் புடைப்பது, மறுபடியும் குத்துவது என்று நான்கு பேர் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று.

"தினம் இப்படியா ஆயா செஞ்சீங்க?"

"தினந்தான். விடியறதுக்கு முன்னால குத்தி வெச்சிட்டுத்தான் கொல்லைக்குப் போவணும். கைக்கொழந்தைய முதுகுல கட்டிக்கிட்டுக் குத்தியிருக்கேன். உலக்கைய நெனச்சி யாரும் ஏங்க வேணாம்."

சிறுதானியம் குறைந்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த உலக்கையை மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. மலைக் குடும்பங்களின் பசியை அது போக்கியது. பெண்களின் கையிலிருந்து உலக்கையையும் அதுதான் இறக்கி வைத்தது. சாமையை மறுபடியும் சாப்பாட்டில் கொண்டுவர வேண்டுமானால், உமி நீக்கும் வேலையை எந்திரம் செய்ய வேண்டும். கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களை மீட்கும் பணியில் இறங்கியபோது, விதை வங்கியோடு கூடவே ஊருக்குள் உமி நீக்கும் எந்திரத்தையும் கொண்டுவந்தது இதனால்தான். ஜவ்வாது மலையிலும் இப்போது இத்தகைய எந்திரங்கள் வந்துவிட்டன. ஜமுனாமரத்தூரில் பழங்குடி உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று சாமையை வாங்கி, உமி நீக்கி, அரிசியாக விற்கிறது. பாட்டியும் மூட்டைக் கணக்கில் இருந்தால் எந்திரத்துக்குத்தான் கொண்டுபோகிறார். நான்கு பேர் சோற்றுக்கு மட்டும்தான் உரல்.

மதியம் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, காட்டுக் கீரைக் கடைசல். பேரன் தட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தான். "இது உப்புமாவா, சோறா?" என்றான். பாட்டி வற்புறுத்தவில்லை. ரேஷன் அரிசிச் சோறும் கொஞ்சம் வடித்து வைத்திருந்தார். அவன் அதில் பாதி, இதில் பாதி என்று சாப்பிட்டான். இரண்டாம் முறை கேட்டது சாமைச் சோறு. குழம்பு அதில்தான் நன்றாக இறங்குகிறது என்று காரணமும் சொன்னான்.

ஒரு வீட்டில் முடிந்தால்

ஒரு வீட்டில் சாமை நின்றுபோனால் என்ன, சாமை வேறெங்கும் கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்கும். திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அங்கிருந்து 2019-இல் அத்தியந்தல் 1 என்ற சாமை ரகம் வெளியானது. 85 முதல் 90 நாளில் முற்றும், சாயாத ரகம். நல்ல விளைச்சல் வேண்டும் என்பவர்கள் அதை வாங்கி விதைக்கலாம், பலர் விதைக்கிறார்கள்.

ஆனால் புது ரகங்கள் எதிலிருந்து வருகின்றன என்பதையும் யோசிக்க வேண்டும். ஊர்களில் நிற்கிற நாட்டு ரகங்களைச் சேகரித்து, அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தும் கலப்புச் செய்தும்தான் ஆராய்ச்சியாளர்கள் புது ரகம் உருவாக்குகிறார்கள். வறட்சியைத் தாங்குவது ஒன்றில் இருக்கும். மலைச் சரிவின் மேலோட்டமான மண்ணில் வேர் பிடிப்பது இன்னொன்றில் இருக்கும். கொல்லிமலையில் மட்டும் வெள்ளப் பெருஞ்சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை, கட்டவெட்டிச் சாமை என்று பல பெயர்களில் சாமை இருந்தது. மரவள்ளி வந்த பிறகு அவற்றின் பரப்பு மிகவும் சுருங்கியது. அப்போது அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள், வீட்டுத் தேவைக்காகக் கொஞ்சமாவது விதைத்துவந்த பாட்டிமார்கள்தான். விதை வங்கிகளுக்கு முதல் விதை அவர்கள் பானையிலிருந்துதான் வந்தது.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதன் பிறகு நகரத்துக் கடைகளில் சாமை அரிசிப் பொட்டலங்கள் கூடியிருக்கின்றன. வாங்குகிறவர்கள் பெருகும் இந்த நேரத்தில், விதைக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. விதையைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்துக் காப்பாற்றலாம். எந்தக் கதிரை எடுப்பது, எதை விடுவது என்கிற அறிவைக் கிடங்கில் வைக்க முடியாது. காலையில் பேத்தி கற்றதுபோல, வயலில் நின்று, கதிரைக் கையில் பிடித்துத்தான் அதைக் கற்க வேண்டும்.

சாயங்கால மேகம்

மூன்று மணிக்கு மேற்கே மேகம் திரண்டது. புரட்டாசியில் மலை மேல் பிற்பகல் மழை வழக்கம்தான். பேரன் முதலில் பார்த்துவிட்டுக் கத்தினான். மூன்று பேரும் ஓடி, தார்ப்பாயின் நான்கு முனையையும் பிடித்துக் கதிரோடு திண்ணைக்கு இழுத்தார்கள். கடைசி முனை உள்ளே வரும்போது முதல் துளி விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் மனைவியும் வந்து மாட்டைக் கொட்டகையில் கட்டிக் கொடுத்தார்கள்.

மழை ஒரு மணி நேரம் பெய்தது. திண்ணையில் உட்கார்ந்து, விதைக் கதிரைப் பாட்டி மெல்லப் புரட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். ஈரக்காற்றில் குவியலாகக் கிடந்தால் சூடேறி முளைப்புத்திறன் கெட்டுவிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கதிரை எடுத்துப் பார்த்தார்.

"நல்லா பொறுக்கியிருக்கீங்க அத்தை."

"நான் எங்க பொறுக்கினேன். அவதான்" என்று பாட்டி பேத்தியைக் காட்டினார்.

அந்த வீட்டில் சாமை விட்டு நான்கு வருடம் ஆகிறது. அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "காஞ்ச பெறகு எனக்கு ஒரு அரைப் படி கொடுங்க. மேட்டுக் கொல்லை சும்மாதான் கெடக்குது" என்றார்.

"தர்றேன். வெளைஞ்சா ஒரு படியா திருப்பிக் கொடுக்கணும்."

"கொடுக்கறேன் அத்தை."

மலையில் விதை கைமாறுவது இப்படித்தான். பணம் கிடையாது. வாங்கியதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு வீட்டில் பன்றி தின்றாலும், மழை கெடுத்தாலும், இன்னொரு வீட்டில் அதே விதை பத்திரமாக இருக்கும்.

மழை விட்டதும் பேத்தி பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். காலையில் பாட்டி சொன்னதையெல்லாம் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாள். படித்துக் காட்டினாள். பாட்டி இரண்டு இடத்தில் திருத்தினார்.

இரவு எட்டு மணிக்கு மேகம் முழுக்கக் கலைந்து வானம் தெளிந்திருந்தது. வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு பேத்தி நட்சத்திரங்களைக் காட்டினாள். "இந்த மலையிலதான் காவலூர்ல பெரிய டெலஸ்கோப்பு இருக்கு ஆயா. வைணு பாப்பு வானாய்வகம்னு பேரு. இங்க வானம் நல்லா இருட்டா இருக்கறதாலதான் வெச்சாங்களாம்."

"காவலூரு தெரியும். அங்க ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டு நட்சத்திரம் பாப்பாங்கன்னு உங்க தாத்தா சொல்வாரு" என்றார் பாட்டி. "நானும் முழிச்சிட்டுதான் இருக்கேன். பன்னி பாக்கறேன்." பிள்ளைகள் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்போது மகனின் போன் வந்தது. பிள்ளைகள் பேசினார்கள். சாமைச் சோறு சாப்பிட்டதைப் பேரன் சொன்னான். மழையில் தார்ப்பாய் இழுத்ததைச் சொன்னான். பிறகு போன் பாட்டியிடம் வந்தது.

"வெதை எடுத்தீங்களா?" என்று மகன் கேட்டார்.

"எடுத்தோம்."

சிறிது நேரம் பேச்சில்லை.

"எவ்ளோ வரும்?"

"ரெண்டு படி வரும். அரைப் படி பக்கத்து ஊட்டுக்குச் சொல்லியிருக்கேன்."

"அது போக மிச்சம் அரை ஏக்கருக்குப் பத்துமா?"

"இறைச்சி வெதைச்சா சரியா இருக்கும். வரிசை புடிச்சி வெதைச்சா கொஞ்சம் மிஞ்சும்."

"சரி" என்றார் மகன். ஆனியில் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாட்டியும் கேட்கவில்லை. போனைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, திண்ணையில் இருந்த கதிரை இன்னொரு முறை புரட்டிவிட்டு வந்து படுத்தார்.

பிள்ளைகள் இன்னும் இரண்டு நாளில் திருப்பூர் போய்விடுவார்கள். விதை பானைக்குள் போவதை அவர்கள் பார்க்கப் போவதில்லை. ஆனால் இந்த வீட்டில் இப்போது எந்தக் கதிர் விதைக்கு ஆகும் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

நம் வாசகர்களில் பலர் வீட்டுக்கும் காலாண்டு விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். சாமையோ, கம்போ, நிலக்கடலையோ, வீட்டுத் தோட்டத்து அவரையோ, அந்த வாரத்தில் ஏதாவது ஒன்று விதைக்கு ஆகும் நிலையில் இருக்கும். ஒரு காலை நேரம் அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் விதை எடுங்கள். அவர்கள் எடுத்ததில் பாதி சமையல் கூடைக்குப் போனாலும் பரவாயில்லை.

பேத்தியின் நோட்டிலிருந்து: சாமையில் விதை எடுக்க

* காலைப் பனி ஈரத்தில் அறுக்க வேண்டும். வெயிலில் அறுத்தால் மணி கொட்டும்.
* வயல் ஓரத்தில் எடுக்கக் கூடாது. நடுவில் எடுக்க வேண்டும்.
* சாய்ந்த செடி, கறுத்த மணி உள்ள கதிர், அடி பச்சையாக இருக்கும் கதிர் வேண்டாம்.
* உயரத்திலோ, மணியின் நிறத்திலோ வேறுபட்டு நிற்கும் கதிரைச் சேர்க்கக் கூடாது.
* ஒரு மணியைக் கடித்துப் பார்க்க வேண்டும். கடுக்கென்று உடைந்தால் சரி.

இவற்றோடு கவனிக்க வேண்டியவை

* சாமை பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கை நடக்கும் பயிர். அதனால் சொந்த விதையைப் பல ஆண்டுகள் குணம் மாறாமல் வைத்துக்கொள்ளலாம். வேறு சாமை ரகம் பக்கத்தில் இருந்தால் 3 மீட்டர் இடைவெளி விட்டு விதைக்கு எடுக்கவும்.
* கதிரை அடித்துத் தூற்றிய பிறகு இரண்டு, மூன்று நாள் வெயிலில் உலர்த்தவும். ஈரப்பதம் 12 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உச்சி வெயிலில் சிமென்ட் தரையில் நேரடியாகக் காயவைக்க வேண்டாம். சாக்கோ தார்ப்பாயோ விரிக்கவும்.
* நன்கு உலர்ந்த மண்பானையில், உலர்ந்த வேப்பிலை அல்லது நொச்சி இலையோடு வைத்து வாய் கட்டவும். ஒரே பானையில் வைக்காமல் இரண்டாகப் பிரித்து, ஒன்றை வேறு வீட்டில் வைப்பது நல்லது.
* விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பு 100 விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பார்க்கவும். 75-க்கு மேல் முளைத்தால் விதைக்கலாம். குறைந்தால் அதற்கேற்ப விதையளவைக் கூட்டவும்.
* ஏக்கருக்கு வரிசை விதைப்புக்கு 4 கிலோ, கையால் இறைக்க 5 கிலோ விதை போதும். பட்டம் தவறிப் பின்தங்கி விதைத்தால் குருத்து ஈ தாக்குதல் கூடும்.
* சொந்த விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மற்ற உழவரோடு பரிமாறவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும், பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம் 2001 உழவர்களுக்கு உரிமை தருகிறது.